கெவின்: 'நற்பிறப்பு' என்ற பெயருக்கு வந்த வாழ்வும் தாழ்வும்

குழந்தைப் பெயர்ப் பட்டியல்களில் கெவின் என்று தேடினால் 'அழகானவன், மென்மையானவன்' என்று ஒரு வரி கிடைக்கும். தவறில்லை, ஆனால் அரைகுறை. பெயரின் முதல் பாதிக்கு மட்டும் பொருள் சொல்லிவிட்டு மறுபாதியை விட்டுவிடும் பதில் அது. மறுபாதியில்தான் விஷயமே இருக்கிறது, அதற்குப் பொருள் 'பிறப்பு'. 'நல்ல பிறப்பு' என்று சொல்லும் இந்த அயர்லாந்துப் பெயரைத்தான் கடந்த முப்பது நாற்பது ஆண்டுகளில் ஜெர்மனியிலும் பிரான்சிலும் ஒருவர் 'எப்படிப்பட்ட குடும்பத்தில்' பிறந்தவர் என்று ஊகித்து, முகம் சுளிக்கப் பயன்படுத்தினார்கள். அகராதி சொல்வது ஒன்று, ஊர் சொல்வது அதற்கு நேர் எதிர். பெயர்கள் தேய்வதும் பழசாவதும் எங்கும் நடப்பதுதான். இந்த அளவுக்குக் குப்புற விழுந்த பெயர்கள் அதிகமில்லை.

முதலில் சொல்லைப் பார்ப்போம். பழைய ஐரிஷ் மொழியில் இந்தப் பெயரைக் 'கோய்ம்கென்' என்று எழுதினார்கள். எழுதியது அப்படி. வாசித்தது கிட்டத்தட்டக் 'கோய்வ்யென்' என்று. இந்த வித்தியாசம் தமிழ் வாசகருக்குப் புதிதாக இருக்காது. நாம் 'கல்' என்பதிலும் 'மகன்' என்பதிலும் ஒரே ககரத்தைத்தான் எழுதுகிறோம், வாசிக்கும்போது நடுவில் வருவது தானாக மென்மையாகிவிடுகிறது. பழைய ஐரிஷிலும் சொல்லின் நடுவே வரும் 'ம்' வகரத்தை ஒட்டிய மூக்கொலியாகவும், 'க்' காற்றுப்போன்ற ஒலியாகவும் இளகிவிடும். எழுத்து மட்டும் மாறாது. பிற்காலத்து ஐரிஷ்காரர்கள் இந்த இளக்கத்தை எழுத்திலேயே காட்ட விரும்பி, முதலில் எழுத்தின் தலையில் ஒரு புள்ளி வைத்தார்கள். அப்புறம் சாதாரண ரோமன் அச்செழுத்துக்கு மாறியபோது புள்ளிக்குப் பதிலாக 'எச்' சேர்த்தார்கள். இன்றைய ஐரிஷ் எழுத்துக்கூட்டலைப் பார்த்து வெளியூர்க்காரர்கள் மிரள்வதற்குப் பெரும்பாலும் இந்த 'எச்'தான் காரணம். கெவினின் இன்றைய ஐரிஷ் வடிவத்தை எழுத சி, ஏ, ஓ, ஐ, எம், எச், நீண்ட ஐ, என் என்று எட்டு எழுத்து வேண்டும். உச்சரிப்பு என்னவோ 'கீவீன்', சில வட்டாரங்களில் 'க்வீவீன்'. அவ்வளவுதான்.

முன்பாதியான 'கோய்ம்' என்பதற்கு அன்புக்குரிய, இனிய, அழகிய, மென்மையான என்றெல்லாம் பொருள் உண்டு. அதே வேரிலிருந்து வந்த பெண்பெயர் 'கீவா' இன்றும் அயர்லாந்தில் புழக்கத்தில் இருக்கிறது. கார்க் பகுதியின் ஓ'கீஃப் என்ற குடும்பப் பெயரும் இதே சொல்லில் பிறந்ததுதான். பூக்களைப் பேருருவாக வரைந்த அமெரிக்க ஓவியர் ஜார்ஜியா ஓ'கீஃபின் பெயரில் இருப்பதும் இந்த 'இனிய'தான்.

பின்பாதி 'கென்' அல்லது 'கெய்ன்'. பிறப்பு. இது இந்தோ-ஐரோப்பிய மொழிகளில் மிகப் பரவலான ஒரு வேர். லத்தீனில் குலம், இனம் என்று பொருள்படும் 'கெனுஸ்' இதன் உறவு. வடமொழியின் 'ஜன்மன்' இன்னும் நெருங்கிய உறவு. அங்கிருந்து நமக்கு வந்த 'ஜென்மம்', 'ஜனனம்' என்ற சொற்களுக்கும் கெவினின் கடைசி அசைக்கும் மூலம் ஒன்றே. கிரேக்கத்தில் 'நன்கு' என்ற முன்னொட்டோடு இதே வேர் சேர்ந்து 'எவ்கெனியோஸ்' ஆனது. அதுதான் யூஜின். ஆக, கெவினும் யூஜினும் பொருளளவில் ஏறத்தாழ ஒரே பெயர். வேடிக்கை என்னவென்றால், அயர்லாந்தில் ஆங்கிலத்தில் பெயர் எழுதியவர்கள் 'யூஜின்' என்பதை 'ஓவன்' என்ற வேறோர் ஐரிஷ் பெயருக்கு ஈடாக எழுதிவந்தார்கள். காரணம் ஓசை ஒற்றுமை. பொருளில் பொருந்தியிருக்கக்கூடிய கெவினுக்கு அந்த யோகம் கிடைக்கவில்லை.

ஒரு நுணுக்கம். இன்றைய ஐரிஷ் வடிவத்தின் முடிவிலிருக்கும் 'ஈன்' என்பதைப் பார்த்தால், செல்லமாக அழைக்கச் சேர்க்கும் ஐரிஷ் விகுதி போலவே இருக்கும். அப்படிப் பார்த்தால் பெயர் 'இனிய சின்னவன்' என்றாகிவிடும், பிறப்பு காணாமல் போய்விடும். பழைய எழுத்துக்கூட்டலில் 'பிறப்பு'க்கு உரிய எழுத்துகள் ஊமையாகவேனும் இருந்தன. இருபதாம் நூற்றாண்டின் நடுவில் நடந்த எழுத்துச் சீர்திருத்தத்தில் இப்படிப்பட்ட ஊமை எழுத்துகள் களையப்பட்டன. ஷின் ஃபெய்ன் கட்சியைச் சேர்ந்த கெவின் ஓ கெய்லான் (1997-ல் அயர்லாந்து நாடாளுமன்றத்துக்குத் தேர்வாகி, பல பத்தாண்டுப் புறக்கணிப்புக்குப் பின் தம் கட்சி சார்பில் முதன்முதலாக இருக்கையில் அமர்ந்தவர்) பழைய பத்தெழுத்து வடிவத்தையே வைத்துக்கொண்டார். பெயரின் வரலாறு தெரிந்தவர்களுக்கு அந்தப் பிடிவாதம் பிடிக்கும்.

இந்தப் பெயர் அழியாமல் தங்கியதற்குக் காரணம் ஒரே ஒரு மனிதர். டப்ளினுக்குத் தெற்கே, விக்லோ மலைகளுக்கு நடுவே, க்ளெண்டலாக் என்ற பள்ளத்தாக்கு இருக்கிறது. 'இரு ஏரிகளின் பள்ளத்தாக்கு' என்று பொருள். ஆறாம் நூற்றாண்டில் அங்கே தனிமை தேடிப் போன துறவிதான் புனித கெவின். மேல் ஏரிக்கு மேலே செங்குத்துப் பாறையில் ஆள் படுக்குமளவுக்கு ஒரு குகை உண்டு. அதைக் 'கெவினின் படுக்கை' என்கிறார்கள். அவரைத் தேடிச் சீடர்கள் வந்து சேர, தனிமை தேடிய இடம் அயர்லாந்தின் பெரிய மடங்களில் ஒன்றாகிவிட்டது. சுமார் 30 மீட்டர் உயரத்துக்கு இன்றும் நிற்கும் வட்டக் கோபுரமும், கல்கூரை போட்ட 'கெவினின் சமையலறை'யும் அவர் காலத்துக்குப் பின் வந்தவை. சமையலறை என்பது சும்மா பட்டப்பெயர். அது ஒரு சிறிய கோயில். அதன் மேலுள்ள குட்டிக் கோபுரம் புகைபோக்கி மாதிரி இருப்பதால் வந்த பெயர்.

அவர் 498-ல் பிறந்து 618-ல் இறந்தார் என்பது மரபு. அதாவது 120 வயது. விவிலியத்தில் மோசே வாழ்ந்ததும் 120 ஆண்டுகள். ஐரிஷ் மரபு புனித பேட்ரிக்குக்குக் கொடுத்த வயதும் அதுவே. புனிதர் வரலாறு எழுதியவர்கள் எங்கிருந்து இந்த எண்ணை எடுத்தார்கள் என்று யோசிக்க அதிக நேரம் தேவையில்லை. இறந்த ஆண்டு ஓரளவு நம்பத்தக்கது. பிறந்த ஆண்டு அந்த 120-ஐக் கழித்து வந்ததாகவே தோன்றுகிறது.

அவரைப் பற்றிய லத்தீன், ஐரிஷ் வரலாறுகள் எல்லாம் அவர் இறந்து பல நூற்றாண்டுகள் கழித்து எழுதப்பட்டவை. அவற்றை எழுதியவர்களுக்குப் பெயரின் பொருள் நன்றாகத் தெரிந்திருந்தது. லத்தீன் வரலாறு 'அழகாகப் பிறந்தவன்' என்று பெயரை மொழிபெயர்த்தே சொல்கிறது. பெயரில் 'இனிய பிறப்பு' இருக்கிறதா, சரி, பிறப்பையே இனிமையாக்கிவிடுவோம் என்று அவர்கள் போயிருக்கிறார்கள். தாய்க்குப் பேறுகால வலியே இல்லை, குழந்தைக்குப் பால் தர ஒரு வெள்ளைப் பசு தானாக வந்தது என்று கதைகள் விரிகின்றன. பெற்றோர் பெயர்கள்கூடக் கோய்ம்லுக், கோய்மெல். இரண்டிலும் அதே 'இனிய'. உண்மையிலேயே அந்தக் குடும்பத்தில் ஒரே மாதிரிப் பெயர் வைத்தார்களா, அல்லது மகனின் பெயருக்கு ஏற்பப் பெற்றோரை எழுத்தாளர்கள் செய்துகொண்டார்களா? இரண்டாவதுதான் என்று எனக்குத் தோன்றுகிறது. ஆனால் குலத்தைப் பற்றிச் சொல்வது முக்கியம்: லென்ஸ்டர் பகுதியில் ஒரு காலத்தில் ஆட்சி செய்த வம்சத்தில் அவரைச் சேர்க்கிறார்கள். 'நற்பிறப்பு' என்பது அந்தச் சமூகத்தில் வெறும் அழகைச் சொல்லவில்லை. குலப்பெருமையும் அதற்குள் இருந்தது.

கெவின் கதைகளில் புகழ்பெற்றது கருங்குருவிக் கதை. தவக்காலத்தில் அவர் சன்னலுக்கு வெளியே கை நீட்டி வேண்டிக்கொண்டிருந்தபோது ஒரு கருங்குருவி அந்தக் கையில் கூடு கட்டி முட்டையிட்டது. குஞ்சு பொரித்துப் பறக்கும்வரை அவர் கையை மடக்கவே இல்லை. பன்னிரண்டாம் நூற்றாண்டில் அயர்லாந்தைப் பற்றி எழுதிய வேல்ஸ் நாட்டு ஜெரால்டு இதைப் பதிவு செய்திருக்கிறார். இதன் நினைவாக அயர்லாந்தெங்கும் கெவின் சிலைகள் கையில் குருவியோடு இருப்பதாகவும் சொல்கிறார். ஏரியில் விழுந்த சங்கீதப் புத்தகத்தை ஒரு நீர்நாய் நனையாமல் எடுத்துத் தந்த கதையும் உண்டு.

எல்லாக் கதையும் இப்படி மென்மையானவை அல்ல. அவரைக் காதலித்துப் பின்தொடர்ந்த பெண்ணைக் காஞ்சொறிச் செடியால் விளாசினார் என்கிறது பழைய வரலாறு. அவள் மனம் திருந்தித் துறவியானாளாம். பிற்காலப் பாட்டுக்காரர்களும் படகோட்டி வழிகாட்டிகளும் இதை இன்னும் முற்ற வைத்து, அவளுக்குக் கேத்லீன் என்று பெயரிட்டு, குகையிலிருந்து ஏரிக்குள் தள்ளிவிட்டதாகவே சொல்லிச் சுற்றுலாப் பயணிகளைக் கவர்ந்தார்கள். 'மென்மையானவன்' என்று பட்டியலில் பார்த்துப் பெயர் வைப்பவர்கள் இந்தப் பகுதியைத் தாண்டிப் போய்விடலாம்.

கி.பி. 800-ஐ ஒட்டி எழுந்த 'ஓங்கஸ்' புனிதர் நாள்காட்டி, ஆண்டின் ஒவ்வொரு நாளுக்கும் ஒரு செய்யுள் பாடுவது. ஜூன் 3-க்கு உரிய செய்யுள் கெவினுடையது. அதில் அவர் பெயரைக் 'கடலலை தாண்டியும் உயர்ந்த பெயர்' என்கிறது. அந்தக் காலத்துக்கு அது சம்பிரதாயப் புகழ்ச்சிதான். க்ளெண்டலாக்குக்கு ஏழு முறை போய்வந்தால் ரோமுக்கு ஒருமுறை போனதற்குச் சமம் என்ற நம்பிக்கை ஒருபுறம் இருந்தாலும், பெயர் உண்மையில் கடல் தாண்டவில்லை. சொல்லப்போனால் அயர்லாந்துக்குள்ளேயே அது அதிகம் நடமாடவில்லை. டப்ளின், விக்லோ வட்டாரத்துக்கு வெளியே குழந்தைகளுக்கு வைக்கும் பெயராக அது நெடுங்காலம் அரிதாகவே இருந்தது.

இதற்குக் காரணம் அரசியல். ஆங்கில ஆட்சியின் கீழ்ப் பதிவுகள் ஆங்கிலத்தில் இருந்தன. கத்தோலிக்கக் குருக்கள் ஞானஸ்நானப் பதிவை லத்தீனில் எழுதினார்கள். வீட்டில் என்ன அழைத்தாலும் ஏட்டில் ஜான், ஜேம்ஸ், மைக்கேல், பேட்ரிக், தாமஸ் என்று நாலைந்து பெயர்களுக்குள் ஊரே அடங்கியது. இரண்டு பக்கமும் ஈடு இல்லாத கெவின் போன்ற பெயர்கள் ஒதுங்கின. விதிவிலக்காகச் சிலர் இருந்தார்கள். 1823-ல் டப்ளினில் பிறந்த கெவின் ஐசோட் ஓ'டோகர்ட்டி ஆங்கில ஆட்சியை எதிர்த்த 'இளைய அயர்லாந்து' இயக்கத்தில் சேர்ந்து, தேசத்துரோக வழக்கில் டாஸ்மேனியாவுக்கு நாடு கடத்தப்பட்டார். பிறகு மருத்துவராகி ஆஸ்திரேலியாவின் குவீன்ஸ்லாந்தில் சட்டமன்ற உறுப்பினரானார்.

காட்சி மாறியது பத்தொன்பதாம் நூற்றாண்டின் இறுதியில். 1893-ல் தொடங்கிய கேலிக் லீக் ஐரிஷ் மொழியை மீட்க முனைந்தது. அதோடு சேர்ந்து பெயர் மீட்பும் நடந்தது. பிரெண்டன், எய்டன், டெக்லன், கோல்ம், கெவின் என்று மூலையில் கிடந்த புனிதர் பெயர்களைத் தூசி தட்டி எடுத்துக் குழந்தைகளுக்கு வைத்தார்கள். ஒரே பெயரில் கத்தோலிக்கமும் இருக்கிறது, ஐரிஷ் அடையாளமும் இருக்கிறது, ஆங்கிலேயர் வாயில் நுழையவும் செய்கிறது. பெற்றோருக்கு வேறென்ன வேண்டும்? 1903-ல் திருத்தந்தை பத்தாம் பயஸ், கெவினுக்கு வழிவழியாக நடந்துவந்த வணக்கத்தை முறைப்படி உறுதிசெய்ததும் உதவியிருக்கும்.

அந்தத் தலைமுறையின் இரண்டு கெவின்கள் அயர்லாந்தின் வரலாற்றில் நிலைத்து நிற்கிறார்கள். 1902-ல் பிறந்த கெவின் பேரி மருத்துவ மாணவர். பிரிட்டிஷ் படைவீரர்கள் மீதான ஒரு தாக்குதலுக்காக 1920 நவம்பர் 1 அன்று டப்ளினின் மவுண்ட்ஜாய் சிறையில் தூக்கிலிடப்பட்டார். வயது 18. அவரைப் பற்றிய பாட்டு அயர்லாந்தின் சாராயக் கடைகளிலிருந்து அமெரிக்க ஐரிஷ் வீடுகள் வரை பரவியது. 1892-ல் பிறந்த கெவின் ஓ'ஹிக்கின்ஸ் புதிய அயர்லாந்து அரசின் அமைச்சர். உள்நாட்டுப் போரில் அவரது அரசு எதிர்த்தரப்பினரைச் சுட்டுக்கொல்ல உத்தரவிட்டபோது, அப்படிக் கொல்லப்பட்டவர்களில் ஒருவர் முந்தைய ஆண்டு அவர் கல்யாணத்தில் மாப்பிள்ளைத் தோழனாக நின்ற ரோரி ஓ'கானர். ஓ'ஹிக்கின்ஸையும் 1927 ஜூலை 10 அன்று திருப்பலிக்கு நடந்து போகும் வழியில் சுட்டுக்கொன்றார்கள். புரட்சிக் குடும்பத்தில் பிள்ளைக்குக் கெவின் என்று வைத்தால் அது யார் நினைவாக என்று யாரும் கேட்க வேண்டியிருந்திருக்காது.

பெயர் உண்மையாகக் கடல் தாண்டியது இருபதாம் நூற்றாண்டின் நடுவில். அமெரிக்காவில் ஐரிஷ் கத்தோலிக்கக் குடும்பங்களில் தொடங்கி, 1950-களிலும் 60-களிலும் அந்த வேலியைத் தாண்டிப் பொதுப்பெயராகிவிட்டது. 1960-களில் நாட்டின் முதல் இருபது ஆண்பெயர்களில் அது இருந்தது. நடிகர்கள் கெவின் க்ளைன், கெவின் காஸ்ட்னர், கெவின் பேக்கன் எல்லோரும் 1947-க்கும் 1958-க்கும் இடையில் பிறந்தவர்கள். அடுத்த தலைமுறையில் கூடைப்பந்து வீரர்கள் கெவின் கார்னெட், கெவின் டுரான்ட் போன்ற கறுப்பின அமெரிக்கர்களையும் சேர்த்துப் பார்த்தால், பெயரிலிருந்து அயர்லாந்து எந்த அளவுக்கு உதிர்ந்துவிட்டது என்று தெரியும். இங்கிலாந்திலும் இதே கதைதான். அயர்லாந்து வம்சாவளியைச் சேர்ந்த சுரங்கத் தொழிலாளர் குடும்பத்தில் 1951-ல் டான்காஸ்டர் அருகே பிறந்த ஒரு பையனுக்குக் கெவின் என்று பெயர் வைத்தார்கள். கெவின் கீகன். ஐரோப்பியக் கண்டத்தில் நடந்ததற்கு அவருக்கும் ஒரு பங்கு உண்டு.

கீகன் 1977-ல் ஹாம்பர்க் கால்பந்து அணிக்குப் போனார். 1978, 1979 இரண்டு ஆண்டும் ஐரோப்பாவின் சிறந்த வீரர் விருது, 1979-ல் ஜெர்மன் லீக் பட்டம், போதாக்குறைக்குத் தாமே பாடிய ஒரு பாப் பாட்டு என்று ஜெர்மனியில் அவர் பெயர் ஒலிக்காத வீடு இல்லை. அதற்கு முன் ஜெர்மானியர் காதில் கெவின் விழுந்ததே அபூர்வம். பிறகு 1990 இறுதியில் அமெரிக்காவில் இரண்டு படங்கள் வந்தன. ஒன்று, வீட்டில் தனியாக விடப்பட்ட சுட்டிப் பையனின் படமான 'ஹோம் அலோன்', அவன் பெயர் கெவின். ஜெர்மன் விநியோகஸ்தர்கள் தலைப்பிலேயே பெயரைச் சேர்த்துக் 'கெவின் வீட்டில் தனியாக' என்று 1991 ஜனவரியில் வெளியிட்டார்கள். அதை ஒட்டியே கெவின் காஸ்ட்னர் இயக்கி நடித்து ஆஸ்கர்களை அள்ளிய செவ்விந்தியர் படமும் வந்தது. அந்த ஆண்டு ஜெர்மனியில் ஆண் குழந்தைகளுக்கு அதிகம் வைக்கப்பட்ட பெயர் கெவின்.

ஆகவே எல்லாம் சினிமாவால் வந்தது என்று சொல்லிவிடுவது வழக்கம். நான் அதை முழுதாக ஏற்கமாட்டேன். பிரான்சைப் பாருங்கள். அங்கே அந்தப் படம் 1990 டிசம்பரில் வெளியானது, அதுவும் தலைப்பில் கெவின் இல்லாமல், 'அம்மா, விமானத்தைத் தவறவிட்டேன்' என்ற பெயரில். ஆனால் பிரான்சில் கெவின் 1989-லேயே முதலிடத்துக்கு வந்துவிட்டது. 1991-ல் உச்சம் தொட்டு, ஓராண்டில் மட்டும் பத்தாயிரத்துக்கும் மேற்பட்ட கெவின்கள் பிறந்தார்கள். ஜெர்மனியிலும் கால்பந்து வீரர்கள் கெவின்-பிரின்ஸ் போவாட்டெங் (1987), கெவின் க்ரோஸ்க்ராய்ட்ஸ் (1988) ஆகியோர் படத்துக்கு முன்பே பிறந்தவர்கள். அலை ஏற்கெனவே எழும்பிக்கொண்டிருந்தது, படம் அதன் மேல் ஏறிக்கொண்டது. அலையை எழுப்பியது தொலைக்காட்சி வழியாக வீட்டுக்குள் வந்த அமெரிக்கா.

பிரான்சில் சட்டத்தின் சின்ன விளையாட்டும் இருந்தது. 1803-ஆம் ஆண்டுச் சட்டப்படி, நாள்காட்டிகளில் உள்ள பெயர்களையும் பழைய வரலாற்று நாயகர்களின் பெயர்களையும் மட்டுமே குழந்தைகளுக்கு வைக்கலாம். 1960-களில் இது ஓரளவு தளர்ந்தது, 1993-ல்தான் முழுச் சுதந்திரம் வந்தது. ஹாலிவுட் பெயர்கள் பலவற்றைப் பார்த்துப் பதிவாளர் உதட்டைப் பிதுக்கலாம். கெவினை அப்படிச் செய்வது கஷ்டம். ஜூன் 3 புனித கெவின் திருநாள் என்று நாள்காட்டியிலேயே இருக்கிறதே! ஆறாம் நூற்றாண்டுத் துறவி ஒருவர், அமெரிக்கத் தொடர்களைப் பார்த்துப் பெயர் வைக்க வந்த பெற்றோருக்குச் சாட்சிக் கையெழுத்துப் போட்டுக் கொடுத்த மாதிரிதான்.

இழிவு எங்கிருந்து வந்தது? பெயர் எப்படிப் பரவியது என்பதில்தான் விடை இருக்கிறது. பிரான்சில் பெயர் மோகம் பெரும்பாலும் மேலிருந்து கீழே இறங்கும் என்பதைச் சமூகவியலாளர்கள் விரிவாகக் காட்டியிருக்கிறார்கள். முதலில் பாரிஸ் மேல்தட்டுக் குடும்பங்கள், பிறகு நடுத்தர வர்க்கம், அப்புறம் தொழிலாளர்களும் விவசாயிகளும். கீழே வந்து சேரும்போது மேலே இருப்பவர்கள் வேறு பெயருக்குப் போயிருப்பார்கள். கெவின் இந்த வரிசையில் நிற்கவில்லை. மேல்தட்டின் அனுமதி கேட்காமல், திரையிலிருந்து நேரே தொழிலாளர் குடும்பங்களுக்குள் நுழைந்தது. படித்த, வசதியுள்ள பெற்றோர் அதைத் தொடவே இல்லை. தம் பிள்ளைகளுக்கு விவிலியப் பெயர்களும் கொள்ளுத்தாத்தா காலத்துப் பெயர்களும் வைத்தார்கள். அதனால் பெயரைக் கேட்டதும் பிறந்த ஆண்டும் தெரிந்தது, அப்பாவின் வேலையும் ஓரளவு தெரிந்தது. ஜெர்மனியில் இதே பொறி சற்று வேறு வகையில் இயங்கியது. பழைய கிழக்கு ஜெர்மனியில் எல்லையைத் தாண்ட முடியாத மக்கள் ரோனி, மாண்டி, பெகி, உச்சரிப்புப்படியே எழுதப்பட்ட மைக் என்று மேற்கத்திய ஓசையுள்ள பெயர்களைப் பிள்ளைகளுக்கு வைத்திருந்தார்கள். இரு ஜெர்மனிகளும் இணைந்தபின் மேற்கத்தியர்களின் கேலிக்கு அந்தப் பெயர்கள் தீனியாயின. கெவினும் அதே கூடையில் போடப்பட்டது.

2009-ல் ஓல்டன்பர்க் பல்கலைக்கழகத்தில் நடந்த ஓர் ஆய்வு இந்தக் கேலிக்கு எழுத்து வடிவம் கொடுத்தது. தொடக்கப்பள்ளி ஆசிரியர்களிடம் பெயர்களைக் கொடுத்து என்ன தோன்றுகிறது என்று இணையம் வழியே கேட்டார்கள். ஷார்லட், சோஃபி, மாக்ஸிமிலியான், யாக்கோப் என்றால் நல்ல பிள்ளைகள். ஷாந்தால், மாண்டி, ஜஸ்டின், எல்லாவற்றுக்கும் மேலாகக் கெவின் என்றால் படிப்பு வராத, தொல்லை தரும் பிள்ளைகள். ஓர் ஆசிரியர் எழுதிய குறிப்பு நாடெங்கும் பரவியது: "கெவின் என்பது பெயரல்ல, நோய்க்கணிப்பு." அது ஒரு முதுகலை மாணவியின் ஆய்வேடு, விரும்பியவர்கள் மட்டும் பதில் சொன்ன கருத்துக்கணிப்பு, ஆசிரியர்கள் எல்லோருடைய மனநிலை என்று அதை எடுத்துக்கொள்ளக் கூடாது. ஆனால் பத்திரிகைகளுக்கு அந்த ஒரு வரி போதும். 'கெவினிஸ்முஸ்' என்று ஒரு சொல்லே உருவானது, பிள்ளைக்கு இப்படிப்பட்ட பெயர் வைக்கும் 'வியாதி' என்ற பொருளில்.

2012-ல் வெளியான இன்னோர் ஆய்வு கொஞ்சம் கனமானது. ஒரு ஜோடி தேடும் இணையதளத்தில் படம் இல்லாமல் பெயரையும் சில விவரங்களையும் மட்டும் காட்டியபோது, அலெக்ஸாண்டர்களுக்குக் கிடைத்த பார்வைகள் கெவின்களுக்குக் கிடைத்ததைப் போல இரண்டு மடங்குக்கு மேல். ஆசிரியரின் கேலியைச் சிரித்துத் தள்ளிவிடலாம். ஆளையே பார்க்காமல் பெயரைப் பார்த்துத் தாண்டிப் போகிறவர்களை என்ன செய்வது? 2015-ல் 'ஆண்டின் இளைஞர் சொல்' தேர்வில் 'ஆல்ஃபா-கெவின்' (முட்டாள்களின் தலைவன் என்று பொருள்) வாக்கெடுப்பில் முன்னணிக்கு வந்தது. நடத்திய லாங்கன்ஷைட் அகராதி நிறுவனம், உண்மையான கெவின்களை இது இழிவுபடுத்துகிறது என்று சொல்லிப் பட்டியலிலிருந்து நீக்கியது. பிரான்சிலும் இணைய விளையாட்டுகளில் கத்திக் கூச்சலிடும் விடலைப் பையன்களுக்குக் கெவின் என்பதே பொதுப்பெயராகிப் போனது.

இது கெவினின் தனிப்பட்ட துரதிர்ஷ்டமா என்றால், இல்லை. 1014-ல் க்ளான்டார்ஃப் போரில் வீழ்ந்த அயர்லாந்துப் பேரரசர் பிரையன் போருவின் பெயரும் இதே பாட்டைப் பட்டிருக்கிறது. லத்தீன் அமெரிக்காவில் அமெரிக்க மோகத்தோடு வந்த அந்தப் பெயரை 'ப்ராயன்' என்று காதில் விழுந்தபடியே எழுதுகிறார்கள். மெக்சிகோவிலும் கொலம்பியாவிலும் அது ஏழைக் குடியிருப்புப் போக்கிரிப் பையனுக்கான நக்கல் பெயர். பக்கத்திலேயே கெவினும் நிற்கிறான். அயர்லாந்தின் உயர்குடிப் பெயர்கள் இரண்டும் அட்லாண்டிக்கைக் கடந்து, அமெரிக்கா வழியாக அங்கே ஒன்றாகச் சேர்ந்திருக்கின்றன.

அயர்லாந்தில் இந்தக் கேலி யாருக்கும் புரியாது. அங்கே கெவின் என்றால் பெரியப்பா, கணக்கு வாத்தியார், பக்கத்து வீட்டுக்காரர். அமெரிக்காவிலும் அப்படித்தான். எல்லா வர்க்கத்திலும் கலந்துவிட்ட பெயரை வைத்து எந்த வர்க்கத்தையும் குத்திக்காட்ட முடியாது.

1990-ஐ ஒட்டிப் பிறந்த ஐரோப்பியக் கெவின்கள் இப்போது முப்பதுகளின் நடுவில் இருக்கிறார்கள். பெல்ஜியத்தின் கால்பந்து வீரர் கெவின் டி ப்ரெய்ன 1991-ல் பிறந்தவர். பிரான்சின் கெவின் மேயர் 2018-ல் டெக்கத்லான் என்ற பத்து அம்சத் தடகளப் போட்டியில் 9,126 புள்ளிகளோடு உலக சாதனை படைத்தார். கெவின் க்யூனெர்ட் 2021-ல் ஜெர்மனியின் சமூக ஜனநாயகக் கட்சிக்குப் பொதுச் செயலாளரானார். 2022 தேர்தலில் பிரான்சு நாடாளுமன்றத்துக்கு முதன்முறையாக இரண்டு கெவின்கள் போனார்கள், இருவரும் தீவிர வலதுசாரிக் கட்சியிலிருந்து. தொழிலாளர் வாக்குகள் அங்கே எந்தப் பக்கம் நகர்ந்திருக்கின்றன என்பதோடு அதைச் சேர்த்துப் படித்தவர்கள் பலர். பெயர் மட்டும் புதுக் குழந்தைகளிடம் கிட்டத்தட்ட நின்றுபோய்விட்டது.

ஜெர்மானியர்கள் ஐரிஷ் பெயர்களையே விட்டுவிட்டார்கள் என்று நினைக்க வேண்டாம். ஃபின் அங்கே பல ஆண்டுகள் முன்வரிசையில் இருந்தது, லியாம் இப்போது இருக்கிறது. லியாம் அமெரிக்காவில் 2017-லிருந்து முதலிடத்தில் இருக்கும் பெயர். அதை வைப்பவர்களில் படித்தவர்களும் இருக்கிறார்கள், 'லியாமிஸ்முஸ்' என்று யாரும் எழுதவில்லை. இத்தனைக்கும் லியாம் வேர் அளவில் ஐரிஷ் பெயரே அல்ல. 'வில்லியம்' ஐரிஷில் 'உல்லியாம்' ஆகி, முன்பாதி தேய்ந்து மிஞ்சியது அது. வில்லியம் நார்மன்களோடு பிரான்சிலிருந்து வந்தது. அவர்களுக்கு அது கிடைத்த இடம் ஜெர்மானிய மொழி. அதன் ஜெர்மன் வடிவம் வில்ஹெல்ம். இன்று மகனுக்கு அந்தப் பெயர் வைக்க ஜெர்மனியில் அனேகம் பேர் யோசிப்பார்கள்.